நாலரை விரல்

தீர்த்தகிரிக்குப் பொறாமை பக்கத்து நிலத்துக்காரன்மேல் இல்லை, பங்காளிமேல் இல்லை. கட்டிய பெண்டாட்டிமேல். அவள் அழகின்மேல் என்றாலாவது நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடலாம். அவள் வெயில் பார்க்கிற கண்ணின்மேல் அவனுக்குப் பொறாமை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மலைவாழ் இளைஞர்களுக்கென்று சர்க்கார் நடத்திய பயிற்சியில் வேலூருக்குப் போய் நாலு மாதம் ஸ்கிரீன் பிரிண்டிங் படித்துவிட்டு வந்தவன் அவன். ஜவ்வாது மலையில் அந்த வேலை தெரிந்த முதல் ஆள். அதற்கு முன்னால் படவேட்டுப் பக்கம் கரும்பாலையில் வேலை பார்த்து, வலது கையில் மோதிர விரலைப் பாதியோடு செக்குக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். மீதியிருந்த நாலரை விரலை வைத்துக்கொண்டு மரச்சட்டம் நாலு, ரப்பர் கட்டை ரெண்டு, மை டப்பாக்கள் எல்லாவற்றையும் போளூர் பஸ்ஸின் தலைமேல் ஏற்றி ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்தான். சந்தை மேட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டின் வாசலில் தகரத்தில் 'தீர்த்தகிரி ஸ்கிரீன்ஸ்' என்று எழுதி மாட்டினான். மாட்டிய அன்று அவன் பெண்டாட்டி பாஞ்சாலி போர்டுக்குப் பொட்டு வைத்தாள்.

வேலை ஒன்றும் பெரிய மாயமில்லை. சட்டத்தில் மெல்லிய துணியை முரசுத் தோல்போல இழுத்துக் கட்ட வேண்டும். அதுதான் ஸ்கிரீன். ஜெலட்டின் பசையில் ஆரஞ்சு நிற மருந்துத் தூளைக் கலந்து இருட்டறையில் அந்தத் துணிமேல் பூசிக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் வேண்டிய எழுத்தைக் கறுப்பு மையில் எழுதிய கண்ணாடித் தாளை அதன்மேல் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் பழுப்பாகி இறுகிவிடும். எழுத்தின் நிழல் விழுந்த இடம் மட்டும் மஞ்சளாக இளகி நிற்கும். தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் கரைந்து வழி திறக்கும். அதன் வழியாக மையை ரப்பர் கட்டையால் இழுத்தால் பையிலோ விசிறியிலோ எழுத்து விழும். அவ்வளவுதான். ஆனால் வெயிலில் எவ்வளவு நேரம் காட்டுவது என்பதில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது.

வேலூர் வாத்தியார், "நூத்தி இருவது எண்ணு, எடு" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். வேலூர் வெயில் அப்படி. சர்க்கார் உத்தியோகஸ்தன் மாதிரி காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அசையாது. மலையில் ஐப்பசி, கார்த்திகை வெயில் அப்படியா? வரும், மூடும், பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். தீர்த்தகிரி நூற்றி இருபது எண்ணி எடுத்துக் கழுவினால் எல்லாம் கரைந்து ஓடியது. இருநூறு எண்ணினால் நடுவில் வெயில் சுளீரென்று அடித்து, ஓர் எழுத்துகூடத் திறக்கவில்லை. பத்து நாளில் மருந்துப் பொட்டலம் பாதி தீர்ந்துபோனது.

பாஞ்சாலி வாசலில் சாமை உலர்த்திக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் வாய் திறந்தாள்.

"மாமா, எண்ணாத. சாமை காய வெச்சா எண்ணிக்கினா குந்திகிறோம்?"

"சாமையும் இதுவும் ஒண்ணாமே? இது சைன்ஸு."

"இன்னாவோ இருக்கட்டும். ஒரு தபா எங்கிட்ட குடேன்."

கொடுத்தான். அவள் சட்டத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, தன் கையை மண்ணுக்குமேல் நீட்டி அதன் நிழலைப் பார்த்தாள். நிழல் வெளிறியபோது காத்திருந்தாள், கறுத்தபோது உதட்டைக் கடித்தாள். ஒரு மேகம் தாண்டியது. திடீரென்று "போதும்" என்று எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். ஒற்றுப் புள்ளிகூட மிச்சமில்லாமல் அத்தனை எழுத்தும் திறந்துகொண்டன.

அன்றைக்குத் தீர்த்தகிரிக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரி களியில் குழி பறித்துக் கொள்ளுக் குழம்பை ஊற்றிச் சாப்பிடும்போது அவள் முதுகில் செல்லமாக ஒரு அடிகூடப் போட்டான். பொறாமை வருவதற்கு இன்னும் ஆறு மாதம் ஆனது. அது முதலில் சக்கரவர்த்தியின் டீக்கடையிலிருந்து வந்தது.

"இன்னா தீர்த்தகிரி, சொசைட்டித் தேன் பாட்டில் லேபிளு சோக்கா கீதேப்பா. உன் சம்சாரம் போட்டதாமே?"

"ரெண்டு பேருந்தான் போட்டோம்."

"அது சரி. நீ காயப்போட கவுறு கட்டியிருப்ப" என்றான் சக்கரவர்த்தி. கடையில் நாலு பேர் சிரித்தார்கள். தீர்த்தகிரி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு அவன் காதில் வேறு எதுவும் விழவில்லை. ரப்பர் கட்டையும் அவள் கைக்குப் போயிருந்தது. அவன் இழுத்தால் பாதி விரல் இருந்த பக்கம் அழுத்தம் குறைந்து மை திட்டுத்திட்டாக விழும். அவள் இழுத்தால் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே சீர். அவனுக்கு மிஞ்சியது பையை வைப்பதும் எடுப்பதும் கயிற்றில் காயப்போடுவதும். அது தவிர அவனுடையது என்று ஒன்றே ஒன்று இருந்தது. ஒவ்வொரு பையின் அடியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி சின்னதாக 'அச்சு: தீர்த்தகிரி, ஜமுனாமரத்தூர்' என்று ஒரு வரி விழும். அந்த வரியை மட்டும் அவன் தினமும் ஆசையோடு படித்தான்.

அந்த வரிக்கு ஆபத்து மாசி மாதம் வந்தது.

செங்கத்தில் புளி மண்டி வைத்திருந்த துரைக்கண்ணு லாரியோடு மலையேறி வந்தார். மண்டிக்குப் புளி கொண்டுவருகிற குடும்பத்துக்கெல்லாம் முன்கூட்டியே ஒரு மஞ்சள் பை இனாமாகக் கொடுப்பது அவர் வழக்கம். போன வருஷம் முந்நூறு பை போட்டவர் இந்த வருஷம் ஆயிரம் பைக்குத் துணிமூட்டையோடு வந்து இறங்கினார். வாசல் பலாமரத்தடியில் போட்ட கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார்.

"இன்னா ஆச்சு தெரியுமாம்மா? போன வருசம் எங்கிட்ட பைய வாங்கிக்கினு, புளிய எடுத்துக்கினு போயி கிளி மண்டியில போட்டுட்டானுங்க."

"அய்யய்யோ" என்றாள் பாஞ்சாலி.

"அவனுங்க மேலயும் தப்பில்ல. எழுத்து தெரியாத சனம். அவன் பையும் மஞ்சா, எம் பையும் மஞ்சா. அவன் பையில ஒரு கிளி கீது. அத்தப் பாத்துக்கினு அங்கியே போவுதுங்க. எனக்கும் ஒரு மார்க் வேணும். பாத்த ஒடனே இது துரைக்கண்ணு மண்டின்னு சொல்லணும். வேற எவங்கிட்டயும் அது இருக்கக் கூடாது."

"புளியங்கா போடலாங்க" என்றான் தீர்த்தகிரி.

"புளியங்கா எல்லா மண்டிக்காரனும் போடறான்யா. நீ வுடு, அந்தம்மா யோசிக்கட்டும்."

தீர்த்தகிரி விட்டான். பாஞ்சாலி சற்று யோசித்து, "கரடி போடலாமா மொதலாளி? நம்ம மலையில கரடின்னா கொயந்தைக்கும் தெரியும்" என்றாள்.

"போடு. கரடி போடு. இன்னொண்ணும்மா. அடியில அச்சு தீர்த்தகிரின்னு போட்றீங்களே, அதுல இந்தத் தபா உம் பேரு போடு. பஸ்ஸுல வர்ற சனமெல்லாம் பாஞ்சாலி பைன்னுதான் சொல்லுது. எனக்கும் அது ராசி."

பாஞ்சாலி சிரித்தாள். "அதெல்லாம் இன்னாத்துக்குங்க" என்றாள். ஆனால் சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். முதலில் சொல்லிவிட்டு அப்புறம் சிரித்திருக்கலாம் என்று தீர்த்தகிரிக்குத் தோன்றியது. பொறாமைக்காரன் கணக்கு அப்படி இருக்கும்.

"போட்றலாங்க" என்று அவனே பதில் சொன்னான். குரல் அவனுக்கே வேறு ஆளுடையதாகக் கேட்டது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று துரைக்கண்ணு லாரி ஏறினார்.

ரெண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தன் பேர் அச்சில் இருக்கிற ஒரே இடம் அது. ரேஷன் கார்டில்கூடக் கையால்தான் எழுதியிருந்தார்கள். வேலூருக்குப் போனவன் யார்? நாலு மாதம் ஓட்டல் சோறு தின்று சீரழிந்தவன் யார்? இவள் வெயிலில் கையை நீட்டினாளாம், பேரைத் தட்டிக்கொண்டு போகிறாளாம். இப்படி நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் கண் தப்பினால் போதும். ஸ்கிரீன் கெட்டால் துரைக்கண்ணு முகம் மாறும். சக்கரவர்த்தி கடையில் பேச்சு மாறும். அப்போது தீர்த்தகிரி வந்து காப்பாற்றுவான். எப்படிக் காப்பாற்றுவான் என்பதைப் பற்றி மட்டும் அவன் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பாஞ்சாலி சாமைக் குதிர் இருந்த இருட்டறையில் மருந்து பூசிய ஸ்கிரீனைக் காயவைத்து, கறுப்புக் கம்பளியில் சுற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, செல்லியம்மாள் வீட்டுக்குப் புளி உலுக்கப் போனாள். செல்லியம்மாள் அவளுடைய அக்கா.

"நாளைக்கு வெயில்ல வெச்சுக்கலாம் மாமா. அடுப்பு மேல மொச்சைக் கொழம்பு கீது. சாப்புடு. ரெண்டு நாளா மூஞ்சே சரியில்ல உனக்கு."

அவள் தலை மறைந்ததும் தீர்த்தகிரி கம்பளியோடு ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். மாசி வெயில் ஒரு மேகம் இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. சட்டத்தை வேலிக் கல்லில் சாய்த்துக் கம்பளியை உருவினான். மஞ்சளாகப் பளபளத்தது. தன் உடம்பின் நிழல் அதன்மேல் விழாதபடி கவனமாகப் பக்கவாட்டில் நின்றான். காற்று பலமாக இருந்ததால் சட்டம் ஆடியது. விழுந்துவிடப் போகிறதே என்று வலது கையை விரித்துத் துணிமேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு வாத்தியார் சொன்னபடி நூற்றி இருபதுவரை எண்ணினான். எண்ணி முடிந்ததும் சுற்றிக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்தான். வேலூரில் படித்த பாடத்தில் வெயிலை நினைவு வைத்திருந்தவன் நிழலை மறந்துபோனான்.

அப்புறம் உட்கார்ந்து மொச்சைக் குழம்பைச் சாமைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டான். ருசியாக இருந்தது. அது அவனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் பாஞ்சாலி விளக்குக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். தீர்த்தகிரி வாசலில் பைகளுக்குக் காது தைக்கிற பாவனையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சீக்கிரம் வெளியே வரவில்லை. ஊசி அவன் கட்டை விரலில் ஏறியது.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்கிரீனைக் கம்பளியோடு மார்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். வெயிலுக்குப் போகவில்லை. நேராகப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள்.

"வெயில்ல வெக்கலயா?" என்று கேட்டான்.

"இதுக்கு வெயிலு போதும் மாமா."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அவள் திரும்பி வந்து அந்த ஸ்கிரீனைக் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க மாட்டிவிட்டு, இன்னொரு சட்டத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

"இன்னாமே ஆச்சு? கெட்டுப் பூட்டுதா?"

"எது?"

"அதான், ஸ்கிரீனு."

"ஒண்ணும் கெட்டுப் போவல. நல்லாத்தான் வந்துகிது" என்றாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அழுதிருந்தால் அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தத் தெரியும்.

புது ஸ்கிரீன் மத்தியானத்துக்குள் தயாராகி, எழுத்தும் திறந்து, சாயங்காலத்துக்குள் அச்சு ஆரம்பித்துவிட்டது. அவள் இழுக்க இழுக்க அவன் எடுத்துக் கயிற்றில் போட்டான். 'துரைக்கண்ணு புளி மண்டி, செங்கம்' என்று மேலே சிவப்பில் விழுந்தது. நடுவில் வெறுமையாக இருந்தது. அடி வரியும் விழவில்லை.

"கரடி எங்கமே?"

"கரடி வேணாம்னு வுட்டுட்டேன். மார்க்கு தனியா, கறுப்புல."

"அடியில பேரு?"

"அதுக்கும் தனியா சின்னதா ஒண்ணு போட்டுக்கலாம். மொதலாளி வந்து சொல்லட்டும்."

வியாழக்கிழமை கூழ் குடிக்கும்போது அவளாகவே ஒன்று சொன்னாள். "உங்க வேலூர் வாத்தியாரு கெட்டிக்காரருதான் மாமா."

"இன்னாத்துக்கு?"

"மாசி வெயிலுக்கு நூத்தி இருவது சரியாத்தான் கீது."

கூழ் அவனுக்குப் புரையேறியது. அவள் தலையில் தட்டி, தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். தெரிந்துதான் சொன்னாளா, சும்மா சொன்னாளா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்று முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை துரைக்கண்ணு வந்தார். கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த பைகளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னாம்மா, நடுவுல மொட்டையா கீது? எங்க கரடி?"

"இருங்க மொதலாளி" என்று பாஞ்சாலி கதவுக்குப் பின்னாலிருந்து அந்த ஸ்கிரீனை எடுத்து வந்தாள். மேசைமேல் ஒரு பையை விரித்து, ஸ்கிரீனை இறக்கி, கறுப்பு மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தாள். பிறகு சட்டத்தைத் தூக்கினாள்.

மஞ்சள் பையின் நடுவில் ஒரு கை விரிந்து கிடந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, கையெழுத்துபோலத் துல்லியம். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், சுண்டு விரல். சுண்டு விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் பாதி விரல்.

தீர்த்தகிரி தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அந்த இடத்தில் அதை மறைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

துரைக்கண்ணு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். "அடி சக்கை" என்றார். "கையா! ஏம்மா, கட்சிக்காரன் எவனாவது வந்து இது எங்க சின்னம்னு சண்டைக்கு நிப்பானே?"

"எண்ணிப் பாருங்க மொதலாளி."

அவர் விரல் வைத்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... இது அரை, அப்பால இது... நாலரை! நாலரை விரலு! இந்த ஒலகத்துல எந்தக் கட்சிக்கும் கெடையாது, எந்த மண்டிக்கும் கெடையாது." சத்தம் போட்டுச் சிரித்தார். "நாலரை விரல் மண்டி! கிளிக்காரன் செத்தான். யார் கைம்மா இது? எப்படி எடுத்தே?"

"நான் எடுக்கலீங்க. எங்க வூட்டுக்காரரு எடுத்தது. அவரு கைதான். செவ்வாக்கெழம நான் எங்க அக்கா வூட்டுக்குப் போன நேரம், அவரே வெயில்ல நின்னு, கையை வெச்சுப் புடிச்சு, எண்ணி எடுத்தாரு."

"தீர்த்தகிரி! நீயாய்யா? வாயே தெறக்காம நின்னுகினு கீறியே! நான்கூட நீ கவுறு கட்ற ஆளுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

தீர்த்தகிரி, "இல்லீங்க, அது வந்து..." என்றான்.

"அடியில பேரு கேட்டீங்களே மொதலாளி" என்றாள் பாஞ்சாலி, மையைத் துடைத்துக்கொண்டே. "அவரு பேரே இருக்கட்டும். கை ஒருத்தருது, பேரு ஒருத்தருதுன்னா நல்லாருக்காது."

"நாயந்தாம்மா. அவர் பேரே போடு. கொஞ்சம் பெருசாவே போடு."

லாரி மலையிறங்கிப் போனது. அவள் சின்ன ஸ்கிரீனில் 'அச்சு: தீர்த்தகிரி' என்ற வரியைத் தயார் செய்தாள். போன தடவை எறும்பாக இருந்தது இப்போது எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்தது. கையை இழுத்தாள், பேரை இழுத்தாள், பையைத் தள்ளினாள். அவன் எடுத்துக் கயிற்றில் போட்டான். அவன் ஏங்கிய பேர்தான். ஒவ்வொரு பையிலும் அவன் செய்த காரியத்துக்குக் கீழே அவன் பேர் விழுந்தது. ஆயிரம் குடும்பம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறும். சந்தையில் அவன் கையைப் பிடித்துப் பார்த்து, "நீதானா அது?" என்று சிரிக்கும்.

நூறு பைக்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"ஏன்மே என்னை ஒண்ணும் திட்டல?"

அவள் கட்டையை இழுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அறைக்குள்ள கம்பளிய உருவிப் பாத்தேன். பயுப்புக்கு நடுவுல உங் கை மஞ்சளா கீது. மொதல்ல எனக்கு பயந்தான் வந்துச்சு. உனக்கு இன்னாவோ ஆயிப்போச்சுன்னு. அப்பால வெரல எண்ணிக்கினே குந்தியிருந்தேன். எம்மேல இத்தினி வயித்தெரிச்சலு இருக்கும்னு எனக்குத் தெரியாம போச்சே மாமா."

"தப்புதான்."

"பேரு வேணும்னா கேட்டிருக்கலாமில்ல? நானா வேணாம்னு சொல்லியிருப்பேன்?" அவள் குரல் அப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. உடனே மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கறுப்பு மை கோடாக ஒட்டியது. "திட்டினா நீ ரெண்டு நாள்ல மறந்துடுவ. இத்த மறக்க மாட்டே. பைய எடு."

எடுத்தான். தப்பு செய்தவன் தலைகுனிந்து நிற்க வேண்டிய நேரத்திலும் தீர்த்தகிரிக்கு உள்ளே ஒரு மூலையில் பொறாமைதான் எரிந்தது. கெட்டுப்போன ஸ்கிரீனை இப்படி ஒரு வேலைக்கு ஆக்கலாம் என்று ஏழு ஜென்மம் எடுத்தாலும் தனக்குத் தோன்றியிருக்காது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

பொழுது சாய்கிறபோது பலாமரத்துக்கும் வேலிக்கும் நடுவே நாலு கயிறு நிறையப் பைகள் தொங்கின. மலைக்காற்று அடித்ததும் எல்லாக் கைகளும் ஒன்றாக அசைந்தன. பாஞ்சாலி மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு எத்தினி ஆயிருக்குன்னு எண்ணு மாமா. எண்றது உன் வேலை."

அவன் முதல் கயிற்றின் முனைக்குப் போய் ஒவ்வொரு பையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தான். நூற்றிப் பதினெட்டு. நூற்றிப் பத்தொன்பது. நூற்றி இருபதாவது பையில் விரலை வைத்தவன் அதற்குமேல் எண்ண முடியாமல் அங்கேயே நின்றான்.